ஏழாம் பொந்து

வலைக்காரர் தட்டின் மேலிருந்த துணியை விலக்கியதும் நான் முதலில் தோளைத்தான் பார்த்தேன். பழக்கதோஷம். மலைக்கிளி என்றால் தோளில் அடர்சிவப்புப் பட்டை, கனத்த அலகு, தாழ்ந்த குரல். ஊர்க்கிளிக்குப் பட்டையே கிடையாது, கீச்சுக்குரல். இரண்டும் கூடிப் பிறந்தது எல்லாவற்றிலும் நடுவாந்தரம். கலப்பு பெருகினால் ஊர்க்கிளி இனமே இல்லாமல் போய்விடும் என்பது எங்கள் வனத்துறை அலுவலகத்தின் கவலை. எந்தப் பொந்தில் கலப்பு இருக்கிறது என்று தொலைநோக்கியில் பார்த்து எழுதிக்கொடுப்பது என் வேலை. விடியற்காலையில் வலை போட்டுப் பிடித்து ஊசி போட்டுக் கொல்வது அவர் வேலை. அசல் மலைக்கிளியைத் தொடக்கூடாது.

நான் கண்காணிக்கும் மரங்களுக்கு மலைக்கிளி போனதே எங்கள் வீட்டிலிருந்துதான். அண்ணன் வளர்த்தது. அவன் செத்த மறுவாரம் அண்ணி கூண்டைத் திறந்துவிட்டாள். "அவரே போயிட்டாரு, இது மட்டும் எதுக்கு உள்ள?" என்றாள். அது பஸ் பணிமனைக்குப் பின்னால் ஓர் ஊர்க்கிளியோடு குடித்தனம் நடத்தி, மூன்று வருடத்தில் எனக்கு வேலை வைத்துவிட்டது.

தினமும் நான் செருப்பைக் கழற்றும் முன்பே அண்ணி அந்தக் கிளியைக் கேட்பாள், "வந்துச்சா?" அண்ணனைப் பற்றி அவள் வேறு எதுவும் பேசுவதில்லை. போன வாரம் இரண்டு நாள் "வரல அண்ணி" என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஏழாம் பொந்தின் வாயில் பெரிய கிளி ஒன்று உட்கார்ந்திருந்தது. பட்டை மங்கல். இறகு உதிரும் காலத்தில் அசல் மலைக்கிளிக்கும் பட்டை மங்கும், குரல் கேட்கும்வரை பேனாவைத் தொடாதே என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்வதே நான்தான். ஆனால் இது நம் வீட்டுக் கிளியாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சொந்தத்துக்குச் சலுகை காட்டுகிறேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. வீம்புக்குக் கலப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது தட்டில் அதன் சிறகை விரித்தேன். உதிர்ந்த இடத்தில் புது இறகு முளைத்துக்கொண்டிருந்தது, நல்ல ரத்தச் சிவப்பு. வலது காலில் ஒரு விரல் இல்லை. அது குஞ்சாக இருந்தபோது கூண்டுக் கதவை அவசரமாகச் சாத்தியவள் நான்தான்.

"என்னம்மா, சரிதானே? நீங்க எழுதின பொந்துதான்" என்றார் வலைக்காரர்.

"நான் எழுதினதுதாண்ணே."

வீட்டில் அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். "வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி."

"குரல் கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். "நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

வந்தாள். கேட்காமலே தொலைநோக்கியை என் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டாள். கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து அடங்கின. ஏழாம் பொந்தின் வாயில் ஊர்க்கிளிப் பெட்டை ஒன்று, உள்ளே போகாமல், வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருட்டிய பிறகும் அண்ணி தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.