பக்கத்துக் கல்லூரி

டயர்க் கடைக்காரருக்குப் பக்கத்துக் கல்லூரிதான் தோது. மகள் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருப்பாள். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்த மகனும் போன வருஷம் போய்விட்டான். தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது என்றான் கம்பெனிக்காரன். இவர் நம்பவுமில்லை, சண்டைக்குப் போகவுமில்லை. அன்றிலிருந்து எதுவும் உறைக்கவில்லை. தின்றார், டயர் கழற்றினார், படுத்தார்.

ஞாயிறு தவறாமல் மகனோடு கப்பலில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் போன் செய்வான். "சாரி, பாதர்" என்பதோடு அவன் இங்கிலீஷ் தீர்ந்துவிடும். பிறகு தன் பாஷையில் கொட்டித் தீர்ப்பான். இவர் 'ம்' கொட்டுவார். அந்தப் பாஷையைத்தான் படிப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கான கல்லூரியோ ரயிலேறிப் போகும் தூரம்.

"இங்க மலாய் இருக்காம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு காலேஜ் ஆபீஸ்காரன் சொல்றான்" என்றார்.

"அவனுக்கு சீட்டு நிரம்பணும்ப்பா. கேட்டா கிளி பாஷையும் இருக்கும்பான்."

அவருக்கும் சந்தேகம்தான். ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியைச் சுற்றிக் காட்டும் நாளில், மகளோடு மலாய் வகுப்பில் போய் உட்கார்ந்தார். போன் வந்ததும் ஆசிரியையிடம் நீட்டினார்.

"கேட்டுச் சொல்லும்மா. புரிஞ்சா இவ இங்கதான்."

அந்தம்மா வெகு நேரம் கேட்டாள். "இது வேற பாஷைங்கய்யா. அங்கங்க ஒரு வார்த்தைதான் ஒத்துப்போகுது."

"அதைச் சொல்லு."

அவள் தயங்கினாள். "பிள்ளை... வலி... கதவு. கதவுன்னு திரும்பத் திரும்பச் சொல்றார். நடுவுல உள்ளது தெரியல. ஊகத்துல சொன்னா பாவம்."

"தூக்கத்துல செத்தவனுக்குக் கதவு எதுக்கு?"

போனில் அவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: "நான் இங்கயே சேர்ந்துக்கறேம்பா. உங்களைத் தனியா விட்டுட்டு..."

"தூரத்துக்கே போ. முழுசாப் படிச்சிட்டு வந்து சொல்லு. அரைகுறையா எனக்கு வேணாம்."

"அது வரைக்கும் நீங்க?"

"நான் என்ன கைக்குழந்தையா?"

அழுகை வருமா என்று கொஞ்சம் நின்று பார்த்தார். வரவில்லை. பசித்தது. கேன்டீன் எந்தப் பக்கம் என்று வாசல் காவல்காரரிடம் கேட்டார்.