சோம்பேறி ஜே கரையில் படுத்த

1.

இந்தக் கதை ஒரு கடிதத்தின் நகலிலிருந்து வந்தது. நான் எழுதும் எல்லாக் கடிதத்துக்கும் எண் போட்டு நகல் வைத்துக்கொள்வேன். கல் வெட்டுகிறவருக்கு ஏப்ரல் 9 அன்று எழுதிய 41ஆம் எண் கடிதத்துக்கு மட்டும் இரண்டு நகல் இருக்கிறது. தேதி ஒன்று, கையெழுத்து ஒன்று, ஒரே ஒரு சொல் வேறு. அவற்றில் எது போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதை.

2.

கைவிட்ட தொடக்கங்கள்:

(அ) 'நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளின் மேல் காற்று அன்று' — வேண்டாம். இங்கே காற்று எல்லா நாளும்தான் அடிக்கிறது.

(ஆ) 'டுவேன் கெட்டரிங் ஒரு சோம்பேறியின் கொள்ளுப்பேரன்.' நல்ல வாக்கியம். ஆனால் வழக்கே அதுதான். தீர்ப்பை முதல் வரியில் எழுதக் கூடாது.

(இ) பாட்டிலிருந்து தொடங்குவது. இதுவே சரி.

3.

பாட்டு யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. மந்தை ஓட்டிப் போனவர்கள் பாடியிருக்கிறார்கள். 1911இல் கிழக்கிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை கேட்டதைக் கேட்டபடி நோட்டில் எழுதிவைத்தார். பிறகு கல்யாணத்தில் பாடினார்கள், சாவில் பாடினார்கள், கால்பந்து ஆட்டத்தில் தோற்றாலும் பாடுகிறார்கள். எங்கள் வட்டாரச் சந்தைவிழாவுக்கு நூறு வயதாகிறது. அதன் வாசலில் பாட்டைக் கல்லில் வெட்டி நிறுத்துவது என்று விழாக்குழு முடிவு செய்தது. செயலாளர் நான்.

இரண்டாவது கண்ணி, என் தமிழில்:

வடமேற்கே வானம் முழங்க
சோம்பேறி ஜே கரையில் படுத்த[  ]
விடிந்தபோது நயோப்ரேரா ஆறு
மூன்று பேரைக் கொண்டுபோயிருந்தது.

அடைப்புக்குறியைக் காலியாக விட்டிருக்கிறேன். காரணம் வரும்.

ஊருக்குத் தெரிந்த கதை: ஜே கெட்டரிங் என்ற மாட்டுக்காரன் காவல் முறையில் படுத்துத் தூங்கிவிட்டான்; மந்தை மிரண்டு ஆற்றுக்குள் பாய்ந்தது; அதைத் தடுக்கப் போன மூன்று பேர் செத்தார்கள்.

4.

நான் சூட்டுக்குறி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக எழுத்தர். மாட்டின் மேல் போடும் குறியை வாசிக்க எங்களுக்கென்று சட்டம் உண்டு. எழுத்துக்குச் சிறகு போட்டிருந்தால் 'பறக்கும்', கால் போட்டிருந்தால் 'நடக்கும்'. பக்கவாட்டில் படுத்திருந்தால் 'சோம்பேறி'. படுத்த ஜே என்ற எழுத்து, சோம்பேறி ஜே. மந்தையையும் அதன் குறியின் பெயராலேயே சொல்வார்கள்.

குறியை ஆளின் பெயராக எழுதியது தப்பென்றால், இங்கே பிறந்த யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். கிழக்கிலிருந்து வந்த ஆசிரியை செய்திருக்கலாம். பிறகு இங்கே பிறந்தவர்கள் எல்லோரும் அவர் நோட்டிலிருந்து படித்தார்கள்.

[அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: டுவேனின் கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பெயர் ஜேம்ஸ். அவர் பெயர் பாட்டுக்குள் போனதா, பாட்டு அவருக்குப் பெயர் வைத்ததா, தெரியவில்லை.]

5.

சனிக்கிழமை, ஏலக்கொட்டகைக் கேன்டீன். மேசையில் காரமான பீன்ஸ் கறி, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டி. டுவேன் உள்ளே வந்தார்.

"டுவேன், கொட்டாவி கிட்டாவி விட்றாதப்பா. வெளிய நானூறு மாடு நிக்குது" என்றார் குழுத் தலைவர் ஆர்விட் ஸ்வென்சன்.

எல்லோரும் சிரித்தார்கள். (முதல் வரைவில் 'டுவேனின் முகம் சிவந்தது' என்று எழுதியிருந்தேன். அது பொய். அவரும் சிரித்தார். ஐம்பத்தெட்டு வருஷப் பழக்கம்.) சிரித்து முடித்துவிட்டு, 1887 குறிப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து வந்திருந்தவர் அதை மேசையில் வைத்தார்.

"பாருங்க. இது குறி, ஆளில்ல. மந்தை அதுபாட்டுக்குக் கரையில படுத்திருந்துச்சு, இடி இடிச்சுது, மிரண்டு ஓடுச்சு. யாரும் தூங்கல."

"சரி, பாடறப்ப என்ன வித்தியாசம்? காதுக்கு ரெண்டும் ஜேதானே."

"பாட்டு காத்தோட போயிடும் ஆர்விட். கல்லு போகுமா? என் பேத்திங்க அந்த வாசல் வழியாத்தான் போகணும். கடைசி ரெண்டு எழுத்த எடுத்துடுங்க, போதும்."

ஆங்கிலத்தில் குறிக்கு ஓரெழுத்து, J; ஆளுக்கு மூன்றெழுத்து, Jay. அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆர்விட் தாளை என் பக்கம் தள்ளினார். "செயலாளரம்மா, நீங்க சொல்லுங்க. இது ஜேயா?"

பார்த்தேன். படுத்த ஜே மாதிரி இருந்தது. தூண்டில் முள் மாதிரியும் இருந்தது. அப்படியும் ஒரு குறி உண்டு. வளைவு இருக்கிற இடத்தில் எப்போதோ தண்ணீர் பட்டிருக்கிறது.

"இருக்கலாம்" என்றேன்.

"உங்கள வச்சுக்கிட்டு ஒரு மாடு வாங்க முடியாது" என்றார் ஆர்விட். பிறகு, நியாயமான மனிதர்தான், "கெட்டரிங் குடும்பம் எதைச் சொல்லுதோ அதையே வெட்டிடுவோம். திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும், அக்காவும் தம்பியும் சேர்ந்து" என்றார்.

6.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். டுவேன் ஜெயித்துவிட்டார். ஆனால் மார்வா இருக்கிறார். டுவேனின் அக்கா; பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஞாயிறு பிற்பகல் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடாமலே பேசினார்.

"கொள்ளுத்தாத்தா நமக்கு என்னடா விட்டுட்டுப் போனாரு? நெலம் போச்சு. வீடு எரிஞ்சுது. போட்டோ ஒண்ணு கெடையாது. இருக்கறது இந்த ஒரு வரி. அதையும் மாட்டுக்குத் தூக்கிக் குடுக்கறியா?"

"தூங்குமூஞ்சின்னு சொல்றாங்கக்கா."

"சொல்லட்டுமே. நாள் முச்சூடும் குதிர மேல இருந்தவன் தூங்கமாட்டானா? நீ ஒரு மணி நேரப் பிரசங்கத்துல தூங்கற."

"மூணு பேர் செத்தாங்கக்கா."

மார்வா தண்ணீரைச் சக்கரத்தின் மேல் திருப்பினார். மூன்று வரைவுகளில் அவருக்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். எல்லாம் என் பதிலாகவே இருந்தன. அவர் சக்கரத்துச் சேற்றைக் கழுவி முடித்தார். பிறகு சொன்னார்: "நீயே பாத்து எழுதச் சொல்லு. எதுவானாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா கேட்டுக்கோ, அந்த ரெண்டு எழுத்து போச்சுன்னா, இந்த ஊர்ல நாம யாரோ."

7.

திங்கள் காலை, ஓரெழுத்தோடு ஒன்று, மூன்றெழுத்தோடு ஒன்று என்று இரண்டு கடிதங்களையும் டுவேனின் வண்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். இரண்டிலும் என் கையெழுத்து, கீழே மார்வாவின் கையெழுத்து. கல் வெட்டுகிறவரின் பட்டறை நாற்பது மைல்.

"எதைக் குடுக்கட்டும்?"

"நான் எழுதறவ மட்டுந்தான் டுவேன்."

"நல்லாத் தப்பிச்சீங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

8.

முடிவு ஒன்று: அவர் ஓரெழுத்தைக் கொடுத்தார். பேத்திகள் நிமிர்ந்து வாசலைக் கடக்கிறார்கள். ஜேம்ஸ் கெட்டரிங் எங்கேயும் இல்லை.

முடிவு இரண்டு: அவர் மூன்றெழுத்தைக் கொடுத்தார். கொட்டாவி கேலி இன்னொரு நூறு வருஷத்துக்கு

(போதும். இரண்டுமே அதிகமாக வாதாடுகின்றன.)

நடந்தது: ஆகஸ்டில் விழா. கல்லின் மேலிருந்த துணியை எடுத்தார்கள். எல்லோரும் பாட்டை எழுந்து நின்று பாடினார்கள். டுவேனும் பாடினார், அவர் பாடி நான் கேட்டது அதுவே முதல் தடவை. இரண்டாவது கண்ணியில் மார்வா தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். காதுக்கு வித்தியாசம் எதுவும் இல்லை.

9.

டுவேன் சொன்னது சரி. ஆங்கிலத்தில் நான் தப்பித்தேன். அந்த மொழியில் ஆள் படுத்தாலும் மந்தை படுத்தாலும் வினைச்சொல் ஒன்றுதான். தமிழில் 'ஜே' என்று எழுதினால் எழுத்தும் ஆளும் ஒன்று. அதுவரை எனக்கு வசதி. ஆனால் வரி முடிகிற இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். 'படுத்த' வரைக்கும் இரண்டுக்கும் பொது. அதற்குப் பிறகு, ஒரு கால் போட்டு 'ன்' சேர்த்தால் ஜேம்ஸ் கெட்டரிங் மூன்று பேர் சாவுக்குப் பொறுப்பு. 'து' போட்டால் அவர் குற்றமில்லாதவர், ஆனால் பெயரில்லாதவர்.

கல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால் அடைப்புக்குறியை நிரப்ப வேண்டும். பதிவேட்டில் தண்ணீர் பட்ட இடத்தைப் பார்த்தவள் நான். என்னால் ஆகாது. பேனா உங்கள் பக்கம்.

வடமேற்கே வானம் முழங்க, சோம்பேறி ஜே கரையில் படுத்த