பாலத்தடியில் கழன்ற தகடு

சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்கும். மழைநீர் வழிந்தோட வேண்டுமென்று அப்படிப் போடுகிறார்கள். ஆனால் அந்தச் சரிவு தண்ணீருக்கு மட்டும்தான் என்று மற்றப் பொருள்களிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை. லாரியிலிருந்து அவிழும் கயிறு, ஸ்கூட்டரிலிருந்து துள்ளும் ஸ்பேனர், எவர் கையிலிருந்தோ நழுவிய ஒற்றைக் கையுறை எல்லாமே சக்கரங்களிடம் உதைபட்டு உதைபட்டு ஓரத்துக்கு வந்து சேரும். சைக்கிளுக்கு விட்டுவைத்திருப்பதும் அந்த ஓரம்தான். காரில் போகிறவர் கவனிப்பதற்குள் தாண்டிவிடுவார். கண்டெடுப்பது சைக்கிள்காரர்தான்.

சைக்கிளில் போய்வரும் தையல்காரி அப்படிக் கொண்டுவந்தவை வீட்டில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருந்தன. கொக்கி வைத்த ரப்பர் கயிறுகள், ஒரு குக்கர் கைப்பிடி, கொத்தனாரின் புத்தம்புது ரசமட்டம், கார் சக்கரத்தின் மூடி.

"மூடி வந்தாச்சு. அடுத்து சக்கரம் வரும், அப்புறம் முழு காரும் வந்துடும். அண்ணனை வெளியில படுக்கச் சொல்லிடலாமா அண்ணி?" என்பாள் நாத்தனார். இருவரும் சேர்ந்துதான் கடை நடத்தினார்கள். தையல்காரி அளவெடுத்து வெட்டுவாள், நாத்தனார் தைப்பாள்.

கடையை வேறு தெருவுக்கு மாற்றிய நாளில்தான் அது நடந்தது. மிஷின்களும் மேசையும் வண்டியில் போய்விட்டன. பேப்பர் கட்டிங்குகளை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க மனமில்லாமல் தையல்காரி தன் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டாள். ஒருவரின் உடம்பு வாகைப் பழுப்புத் தாளில் வெட்டி வைத்திருப்பதுதான் பேப்பர் கட்டிங். துணிமேல் வைத்துச் சுற்றி வரைந்தால் போதும், சட்டை பொருந்திவிடும். ஆனால் அந்தத் தாள் ஒரே நாளில் உருவாவதில்லை. ஒருவருக்கு வலது தோள் இறங்கியிருக்கும், இன்னொருவருக்கு முதுகு லேசாக வளைந்திருக்கும். தைத்து, பிரித்து, திட்டு வாங்கித்தான் அது தெரியவரும். தெரிந்ததும் தாளில் திருத்துவாள். அவளுடைய தவறுகளும் திருத்தங்களும் மொத்தமாக அந்தக் கட்டுக்குள் இருந்தன.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. ரயில் பாலத்துக்குக் கீழே சாலை பள்ளமாக இறங்கும். முழங்கால் அளவு தண்ணீர். வண்டிகள் ஊர்ந்தன. அவள் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். பின்னாலிருந்து ஒரு கார் சீறி வந்தது. அது எழுப்பிய அலை சைக்கிளோடு அவளையும் புரட்டிப் போட்டது. எழுந்து கண்ணைத் துடைப்பதற்குள் கார் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, நீச்சல் தெரியாதா?"

காரிலிருந்து ஓர் ஆண்குரல். கூடவே ஒரு சிரிப்பு. கண் முழுக்கச் சேறு, காரின் நம்பரைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அந்தக் காகிதக் கட்டைப் பிரித்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகி வந்தன. நாத்தனார் அழுதுவிட்டாள். இவள் அழவில்லை.

"அவன் என் கையில கிடைக்கட்டும்."

"ஊர்ல எத்தனை காரு! எங்கேன்னு தேடுவீங்க அண்ணி?"

தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாலத்தடியில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளம் வடிந்ததும் சேற்றில் கிடக்கும் நம்பர் பிளேட்டுகளை, கண்டவர்கள் எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். தொலைத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் அங்கே மூன்று இருந்தன. அவள் இறங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

ஒன்று பைக்குடையது, சிறிசு. இன்னொன்றில் ஆணித் துளைகளைச் சுற்றித் துரு அரித்திருந்தது; தொட்டாலே விழுந்திருக்கும். மூன்றாவது தகட்டில்தான் விஷயம் இருந்தது. மெதுவாகப் போகும் காருக்குத் தண்ணீர் இருபக்கமும் விலகி வழிவிடும். வேகமாகப் போனால் விலக நேரமில்லாமல் முன்னால் சுவர்போலக் குவிந்து, தகட்டின் அடிவழியே பின்னால் புகுந்து நெம்பும். திருகாணிகள் காரிலேயே நிற்க, தகடு மட்டும் பிய்ந்து வரும். மூன்றாவதின் துளைகள் இரண்டும் கிழிந்திருந்தன. தகடே முன்னோக்கி மடங்கியிருந்தது.

அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, பக்கத்து டயர் கடைக்காரரிடம் சொன்னாள்: "இதைத் தேடி யாராவது வந்தா நம்ம கடைக்கு அனுப்புங்கண்ணே."

"எதுக்கும்மா வம்பு? இங்கேயே கிடந்துட்டுப் போகட்டுமே."

"மறுபடி மழை வந்தா அடிச்சுட்டுப் போயிடும்ணே. பத்திரமா இருக்கட்டும்."

கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டாள். பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் மறுபடி முதலிலிருந்து அளவெடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை நாடாவைப் பிரிக்கும்போதும் வன்மம் புதிதாக ஊறியது.

ஒரு நாள் காலையில் அவன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் கார் சாவி.

"இங்க ஒரு நம்பர் பிளேட் இருக்காமே?"

குரலைக் கேட்டதும் அவள் விரல்கள் நாடாவை இறுக்கின. ஆனால் குரல் ஏமாற்றலாம். அவன் வாயாலேயே வரட்டும்.

"இதுதானே சார்? உட்காருங்க. எப்படி இப்படிப் பிஞ்சுது?"

"அதை ஏன் கேக்கறீங்க! தண்ணியில நின்னா என்ஜின் போயிடும்னு ஒரே மிதி. ஓரத்துல ஒரு அம்மா சைக்கிளோட... பாவம், முங்கிக் குளிச்சாங்க." சிரித்தான். அதே சிரிப்பு.

"நிறுத்திப் பாக்கலையா?"

"எதுக்கு? தண்ணிதானேம்மா. காஞ்சுடும்."

நாத்தனாரின் மிஷின் நின்றது.

அவள் தகட்டை இறக்கி மேசைமேல் வைத்தாள். பெரிய கத்திரிக்கோலை எடுத்தாள். துணி வெட்டும் கத்திரிக்கோலால் தையல்காரர்கள் காகிதத்தைக்கூட வெட்டுவதில்லை. அதன் இரண்டு அலகுகளும் எந்த நேரத்திலும் ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனிவரை நகர்வதுதான் வெட்டு. வழியில் ஓர் இடம் மழுங்கினாலும் துணி அங்கே மடங்கிச் சிக்கிக்கொள்ளும். இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தகட்டை அலகின் அடிவரை தள்ளினாள், அங்கேதான் பிடி அதிகம். இரு கையாலும் அழுத்தினாள். பல் கூசும் சத்தத்தோடு முதல் எழுத்து தனியாக விழுந்தது.

"ஏய், என்னம்மா பண்றே!"

அவன் எழுந்த வேகத்தில் நாத்தனாரும் எழுந்தாள், கையில் இஸ்திரிப் பெட்டியோடு. "கிட்ட வராதீங்க சார். சூடு."

"அந்தம்மா நான்தான்" என்றாள் தையல்காரி, தகட்டைத் திருப்பி வைத்தபடியே. "நான் காஞ்சுட்டேன். நான் கொண்டுபோன பேப்பர் கட்டிங் அத்தனையும் கூழாயிடுச்சு."

"பேப்பர்தானே? புதுசா வெட்டிக்க வேண்டியதுதானே!"

"அப்ப நீங்களும் புதுசா வாங்கிக்குங்க." இன்னொரு எண் விழுந்தது.

"போலீஸுக்குப் போவேன்."

"போங்க. எப்படிக் கழண்டுச்சுன்னு கேப்பாங்க. எனக்குச் சொன்ன மாதிரியே சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."

அவள் நிதானமாகக் கடைசி எண்வரை வெட்டினாள். துண்டுகளை எடுத்து, தைத்த துணி கொடுக்கும் பையில் போட்டு, வாயை மடித்து நீட்டினாள். பிடுங்கிக்கொண்டு போனான்.

நாத்தனார் கத்திரிக்கோலை எடுத்து ஒரு வெட்டுத்துணியில் வைத்துப் பார்த்தாள். வெட்டுவதற்குப் பதில் மென்றது.

"போச்சு அண்ணி. இனி சாணை பிடிச்சாலும் தேறாது."

"போகட்டும் விடு."

அவள் வாசலுக்கு வந்து நின்றாள். முன்பக்கம் நம்பர் இல்லாமல் மொட்டையாக, எந்தத் திருப்பத்தில் எந்தப் போலீஸ் மறிக்குமோ என்று பயந்து பயந்து, அந்தக் கார் தெருவோரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. சைக்கிளில் போன ஒருவர் மணியடித்து அதை முந்தினார்.

"வாடி, வந்து பாரு" என்று உள்ளே கூப்பிட்டாள். "இப்ப எவ்வளவு பதவிசா ஓட்டறான்னு."