எல்லாம் என்ர சாமான்தான்

ரொறன்ரோ விமான நிலையத்தில் அமிர்தநாதர் சொன்ன பொய் அவருடைய சொந்தப் பொய் அல்ல. அதைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தவள் ஸ்காபரோவில் இருந்த அவருடைய தங்கை பேர்ணடெற்.

சென்னைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் தங்கள் சாமானை மட்டும் கொண்டுவருவதில்லை. ஒருவருக்கு மிளகாய்த்தூள், ஒருவருக்கு மருந்து, ஒருவருக்குக் கல்யாண அட்டை. மாட்டேன் என்றால் அடுத்தமுறை தங்களுக்கு ஆர் கொண்டுவருவார்கள்? தொண்ணூற்றைந்தாம் வருடம் அமிர்தநாதர் திரும்பும்போது, லொட்ஜில் அடுத்த அறையில் இருந்தவர் ஒரு கூறைச்சேலைப் பெட்டியைக் கொடுத்தார். மகளுக்கு ரொறன்ரோவில் கல்யாணம், விமான நிலையத்துக்கே ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் என்றார். கல்யாணக் கூறையைக் கொண்டுபோக மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அமிர்தநாதர் பெட்டியைத் திறந்து சேலையைப் பார்த்தார். அடியில் இரண்டு மட்டைகள் சேர்த்து ஒட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. சுங்க அதிகாரி கவனித்தார். மட்டைகளுக்கு நடுவே ஹெரோயின் பரப்பியிருந்தது. வாங்கிக்கொள்ள வரவேண்டிய ஆள் வரவேயில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் பேர்ணடெற் சொல்லியிருந்தாள்: "அண்ணை, ஆரும் சாமான் தந்துவிட்டவையோ எண்டு கேப்பினம். இல்லை, எல்லாம் என்ர சாமான்தான், நான்தான் அடுக்கினனான் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டிக் கிண்டிக் கிளறி மறிச்சு வைச்சிடுவினம்."

அவள் இரண்டு முறை போய்வந்து இரண்டு முறையும் அப்படித்தான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அமிர்தநாதரும் சொன்னார். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

வழக்கறிஞர் மிஸிஸ் ஹாரிஸ் நிதானமாக விளங்கப்படுத்தினார். போதைப்பொருள் வழக்கை மத்திய அரசின் வழக்கறிஞரே நடத்துவார். பெட்டியை இவர் கொண்டுவந்தார் என்பதையும் உள்ளே இருந்தது ஹெரோயின் என்பதையும் காட்டினால் மட்டும் அவருக்குப் போதாது. இவர் தெரிந்தே கொண்டுவந்தார் என்றும் காட்டவேண்டும். தெரியாது என்று இவர் நிரூபிக்கத் தேவையில்லை. ஜூரிக்கு நியாயமான சந்தேகம் வந்தால் விட்டுவிட வேண்டும். ஆனால், எல்லாம் என்னுடையது, நானே அடுக்கினேன் என்றவருக்கு உள்ளே இருப்பது எப்படித் தெரியாமல் போகும் என்று அரசாங்கத் தரப்பு கேட்கும். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதை ஜூரி அறியவேண்டும். தோற்றால் நீண்ட காலம் சிறையில் மறியல். பிறகு நாடு கடத்தல்.

மற்ற வழக்குகளில் பிணை ஏன் கூடாது என்று அரசாங்கம் சொல்லவேண்டும். இந்த வகை வழக்கில் ஏன் விடவேண்டும் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்தான் காட்டவேண்டும். பேர்ணடெற் தன் வீட்டை வைத்துப் பிணை நின்றாள். அமிர்தநாதர் அவளோடுதான் இருக்கவேண்டும். அவள் கூட வராமல் வாசல் தாண்டக்கூடாது. தேவாலயத்துக்கும் மரக்கறிக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் அண்ணனும் தங்கையுமாகப் போய்வந்தார்கள்.

"பாப்பரசருக்குக் கூட இவ்வளவு காவல் இல்லை," என்றான் அவள் கணவன் சீமோன்.

நீதிமன்றம் போட்ட நிபந்தனைகளைவிட மிஸிஸ் ஹாரிஸ் போட்ட நிபந்தனைதான் அவளுக்குப் பாரமாக இருந்தது. அவளும் சாட்சி என்பதால், இருவரும் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. கதைத்தால், வீட்டிலிருந்து கதை சோடித்துக்கொண்டு வந்தார்கள் என்று ஆகிவிடும். ஒரு வருடத்துக்கு மேல் அவள் அதைக் காப்பாற்றினாள். "அந்தக் கூறை..." என்று அவர் வாயெடுத்தால் குழாயைத் திறந்துவிட்டுச் சட்டி கழுவத் தொடங்குவாள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்பார்களாம் என்று ஆலோசனை சொல்ல வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். அரசாங்கமும் அப்படி ஒரு பேச்சை எடுத்தது. முடிவு அவருடையது என்றார் மிஸிஸ் ஹாரிஸ். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்று அமிர்தநாதர் சொல்லிவிட்டார்.

வழக்கு விசாரணை பிரம்ரன் நீதிமன்றத்தில் நடந்தது. சாட்சிகள் உள்ளே இருந்து கேட்கக்கூடாது என்பதால், அமிர்தநாதர் கூண்டில் நின்ற நாள் முழுவதும் பேர்ணடெற் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் மிஸிஸ் ஹாரிஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் நன்றாக இல்லை. நடந்ததை அவளிடம் சொல்ல அவருக்கும் அனுமதி இல்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அவளுடைய முறை. மொழிபெயர்ப்பாளர் இராஜரட்ணம் பக்கத்தில் நின்றார். தொலைபேசியில் என்ன சொல்லிக் கொடுத்தாள் என்பதை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அரசாங்க வழக்கறிஞர் எழுந்தார். அதிகாரிகளுக்குப் பொய் சொல்வது உங்கள் வழக்கமா என்று கேட்டார்.

"இந்தக் கேள்விக்கு மட்டும்," என்றாள்.

ஜூரியில் இருந்த ஒரு பெண் குனிந்து சிரிப்பை அடக்கினாள்.

வழக்கறிஞர் குரலை உயர்த்தவில்லை. உங்கள் தமையன் நேற்று இதே இடத்தில் நின்று, தனக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்தப் பதில் தன்னுடையது என்று சத்தியம் செய்தார். நான் மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் அதையே சொன்னார். இப்போது உங்களில் யாரை நம்புவது என்றார்.

இராஜரட்ணம் மொழிபெயர்த்து முடித்தார். பேர்ணடெற் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை சொன்னது சரி என்று அவள் சொன்னால், அவரைக் காப்பாற்ற வேறொன்றும் மிஞ்சாது. பிழை என்று சொன்னால், பன்னிரண்டு பேருக்கு முன்னால் அவரைப் பொய்யன் ஆக்கவேண்டும்.

"நான்தான் சொல்லிக் குடுத்தனான்," என்றாள். "அவர் என்னைக் காட்டிக் குடுக்கமாட்டார். சின்னனிலையும் என்ர அடியை அவர்தான் வாங்கினவர்."

அப்படியானால் உங்கள் தமையன் இந்த நீதிமன்றத்தில் பொய் சொன்னார் என்றார் வழக்கறிஞர்.

"ஓம். என்னைப் பற்றி மட்டும்."

நீங்கள் ஒரே வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தும் இதைப் பற்றிக் கதைக்கவில்லையா என்று அவர் கேட்டார்.

"கதைச்சிருந்தா ரெண்டு பேரும் ஒண்டைத்தானே சொல்லியிருப்பம்?"

வழக்கறிஞர் தன் தாள்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

மிஸிஸ் ஹாரிஸ் தன் தொகுப்புரையில் அந்தப் பதிலைத்தான் திரும்பவும் எடுத்தார். சோடித்துக்கொண்டு வந்தவர்கள் இப்படியா வருவார்கள் என்று கேட்டார். தெரிந்துகொள்ள விரும்பாமல் ஒருவர் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டாலும் அது தெரிந்ததற்குச் சமம் என்று நீதிபதி ஜூரிக்கு அறிவுறுத்தினார். ஜூரி ஒன்றரை நாள் எடுத்தது. குற்றவாளி அல்ல என்று வந்தது. எது அவர்கள் மனதை மாற்றியது என்று அவள் கேட்டதற்கு, ஜூரி காரணம் சொல்வதில்லை, யாருக்கும் தெரியவராது என்றார் மிஸிஸ் ஹாரிஸ்.

வெளிக்கதவுக்கு முன்னால் அமிர்தநாதர் வழக்கம்போல அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் போகலாம் அண்ணை. இனி நான் கூட வரத் தேவையில்லை."

அவர் போகவில்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். "எல்லாம் கவிண்டு போகப் பாத்தது."

"உன்ர பேரைச் சொன்னா உன்னையும் பிடிப்பினம் எண்டு நினைச்சன்."

"அதுக்கெல்லாம் பிடிக்கமாட்டினம்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு வருஷமா வாய் திறக்க விட்டனியே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அமிர்தநாதர் கதவைத் தள்ளித் திறந்து, அவளுக்கு முன்னால் தனியாக வெளியே போனார்.