முள் முள்ளைத் தொடாத தூரம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரித்தவள் நானல்ல, ரோவீனா.

போன வசந்தத்தில், மிசிசிப்பியில் எங்கள் ஏரிக்கரையில், கிராப்பி மீன்பிடிப் போட்டி முடிந்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோடி ஜோடியாக மீன்பையைத் தூக்கிக்கொண்டு மேடையேற வேண்டும். ரோவீனாவின் புருஷன் ஹாய்ட்டின் பை பாதிகூட நிறையவில்லை. மைக் கைக்கு வந்ததும் சொன்னான்:

"மீனெல்லாம் இருந்துச்சுப்பா. தூண்டில் நரம்புதான் சடை பின்னிக்கிச்சு. கட்டுனது யாருன்னு கேக்காதீங்க, நான் அவகூடத்தான் வீட்டுக்குப் போகணும்."

கரையே சிரித்தது. பக்கத்தில் நின்ற ரோவீனாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவே இல்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஒரு வருடம் பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: விடியலில் ஏரி கண்ணாடியைப் போல—

வேண்டாம். எங்கள் ஏரி பால் ஊற்றிய காபி நிறம். யாருடைய முகமும் அதில் தெரிந்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: குடும்பம் என்பது ஒரே நரம்பில் கட்டிய பல முட்கள், நெருங்கினால் சிக்கு, விலகினால்—

எங்கள் கல்லூரியில் எழுத்து வகுப்பு எடுத்தவர் இந்த வரிக்கு நட்சத்திரம் போட்டிருப்பார். அதனாலேயே அடித்துவிட்டேன். தூண்டில் தூண்டிலாகவே இருக்கட்டும். எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் எதற்காவது உவமையாகத்தான் கல்லூரி வாசலைத் தாண்ட வேண்டுமா?

மூன்றாம் தொடக்கம், இதை வைத்துக்கொள்கிறேன்: படகு நகர்கிறதா என்று சந்தேகம் வரும் வேகத்தில் நகர, நீருக்குள் நட்டுக்குத்தாக நரம்பு இறங்க வேண்டும். அடியில் ஈயக்குண்டு. அதற்கு மேலே, நரம்பிலேயே முறுக்கி எடுத்த இரண்டு கிளைகள். கிளைக்கு ஒரு முள், முள்ளுக்கு ஒரு பொடிமீன். இரண்டு கிளைகளையும் நீட்டிச் சேர்த்தால் வருகிற நீளத்தைவிடக் கிளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது முள் முள்ளைத் தொடவே முடியாது. கிளை குட்டையாக இருந்தால் விறைத்து நிற்கும். நீண்டால் தொங்கி, தாய் நரம்பைச் சுற்றிக்கொள்ளும்.

ரோவீனா கட்டுகிற கிளை அவளுடைய சுண்டுவிரலைத் தாண்டாது.

3

இந்த வருடப் போட்டிக்கு முந்தின நாள் மாலை. (நான் அங்கே இல்லை. ஆனால் அந்தச் சமையலறை மேசையில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன்.)

ரோவீனா நரம்பை முறுக்குகிறாள். முறுக்கின் நடுவே துளை திறந்து, வளையத்தை இழுத்து, எச்சில் தொட்டு இறுக்குகிறாள். கட்டி முடித்ததை, நீச்சலுக்கான மிதவை நுரைக்குழாயில் வெட்டிய துண்டில் சுற்றி, முள்ளை அதிலேயே குத்தி வைக்கிறாள். கோழி ஆலையில் வேலை முடிந்து வந்த ஹாய்ட் எட்டிப் பார்க்கிறான்.

"இவ்ளோ குட்டையாவா கட்டுவ? இரை கொஞ்சம் ஆட வேணாமா?"

"ஆட்டம் பாக்க வேற எடம் இருக்கு. இது மீன் பிடிக்க."

"போன வருஷம் பாத்தோமே, உன் கட்டோட லட்சணத்த."

"போன வருஷம் நான் கட்டுனது இப்படித்தான் இருந்துச்சு, ஹாய்ட். அதுக்கப்புறம் அத நீட்டுனது யாரு?"

அவன் வறுத்த கெளுத்தித் துண்டு ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்தான். அது கைதவறித் தரையில் விழுந்தது. நாய்க்கு யோகம்.

"எல்லாத்தையும் கீழ போடு. நாய் குண்டாகட்டும்," என்றாள்.

4

மறுநாள் காலை. இது நான் பார்த்தது.

படகு இறக்கும் சரிவில் என் அம்மா மேக்சின் தன் படகில் உட்கார்ந்திருந்தாள்.* அவளோடு ஜோடி சேர்ந்து போகிறவளுக்கு முட்டி அறுவை சிகிச்சை. முன்பக்க இருக்கை இரண்டில் ஒன்று காலி.

"ரோவீனா! ஏறுடி இதுல. உன் கட்டு, என் மோட்டாரு. அந்த ஆளு தனியா போயி யாரப் பழி சொல்றான்னு பாக்கலாம்."

"மேக்சின், உன் வாய்க்கு மொதல்ல ஒரு முள்ளு மாட்டணும்."

"மாட்டு. குட்டைக் கிளையா பாத்து மாட்டு."

ரோவீனா சிரித்துக்கொண்டே தன் தூண்டில் பெட்டியைத் திறந்தாள். சிரிப்பு நின்றது. பெட்டியிலிருந்த ஒவ்வொரு கிளையிலும் ஒரு முழ நரம்பு ஒட்டுப் போடப்பட்டிருந்தது. இந்த வருடமும்.

ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். முடிச்சு கொழுக்கட்டை மாதிரி இருந்தது. நரம்பில் நெடுகப் பல் தடம். பிறகு, டிரக்கின் கதவைத் திறக்க உள்ளங்கையால் நெம்பிக்கொண்டிருந்த ஹாய்ட்டைப் பார்த்தாள்.

அவ்வளவுதான் நான் கண்டது. இதற்கு மேல் யூகம்: குட்டைக் கிளையில் முள் கோக்க விரல் நுனி வேண்டும். ஆலையில் குளிர்ந்த கோழியை வருடக்கணக்கில் அறுத்தவனுக்கு அந்த நுனியில் உணர்ச்சி போய்விட்டது. தண்ணீரில் முள் அறுந்தால் இவள் கட்டில் அவனால் மாற்றுமுள் கோக்க முடியாது. பல்லால் கடித்துக் கட்ட நீளமான நரம்பு வேண்டும். அதைச் சொல்வதைவிட, பெண்டாட்டிக்குக் கட்டத் தெரியாது என்று ஊரைச் சிரிக்க வைப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

* ஆம், என் அம்மாதான். இந்தக் கதையில் நான் நடுநிலை இல்லை. கோலைப் பிடித்திருப்பது நான்.

5

எனக்கு ஹாய்ட் மேல்தான் இப்போது எரிச்சல். கெட்டவனாகவே இருந்து தொலைத்திருக்கலாம். கதைக்குள் வந்து விரலை நீட்டி, பார், மரத்துப்போச்சு என்கிறான். சரி, மரத்துப்போச்சு. அதற்கு மைக் எதற்கு? வலி இருக்கிறவனெல்லாம் அடுத்தவள் தலையில் சிரிப்பைக் கொட்டலாம் என்று எந்தச் சாமி சொல்லிற்று? பாவம் பார்ப்பேன். மன்னிப்பு என் கையில் இல்லை, அது அவளுடையது.

முடிவு ஒன்று: ரோவீனா அம்மாவின் படகில் ஏறுகிறாள். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆகவே இதை நம்ப மாட்டேன்.

முடிவு இரண்டு: அவள் பேசாமல் புருஷனின் படகில் ஏறி, ஒட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி—

இந்தப் 'பேசாமல்' எனக்கு ஆகாது. எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் அது ரொம்பப் பிடிக்கும்.

முடிவு மூன்று: "கையக் காட்டு ஹாய்ட்," என்கிறாள் எல்லோர் முன்னாலும். அவன் காட்டுகிறான். "இப்ப அந்த மைக்க வாங்கிட்டு வந்து சொல்லு, யாரு கட்டுனதுன்னு." அவன்—

அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

6

ஆகவே இப்படியே விடுகிறேன். சரிவில் பனிமூட்டம். இரண்டு படகுகளிலும் மோட்டார் உறுமுகிறது. ஒலிபெருக்கி அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுவிட்டது.

"வர்றியா, ரோ?" என்கிறான் ஹாய்ட்.

"வர்றியாடி?" என்கிறாள் அம்மா.

ரோவீனா பெட்டியைத் தரையில் வைக்கிறாள். சட்டைக்குள் கைவிட்டு நுரைக்குழாய்த் துண்டு ஒன்றை எடுக்கிறாள். வேறு யார் கையும் படாத கட்டுகள், கிளை ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். ஒரு துண்டைத் தனியே ஒளித்துவைப்பது, போன வருடத்துக்குப் பிறகு அவள் கற்றுக்கொண்டது.

அவளை எந்தப் படகில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள். என் அம்மாவின் மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம். ஹாய்ட்டைத் திருத்துங்கள், திருத்தாமலும் விடுங்கள். ஆனால் அந்தத் துண்டை அவள் கையிலிருந்து பிடுங்கி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். முன்இருக்கை எந்தப் படகில் அமைந்தாலும், அதிலிருந்து இறங்குகிற நரம்பு இன்றைக்கு அவள் கட்டியதுதான்.