கட்டைக்காரர் வீடு போன தெரு

தேர் நிலைக்கு வந்து நின்ற அன்று மாலை, கட்டைக்காரரின் வீடு புறப்பட்டது. ஓட்டு வீடு, இரண்டு அறை, பின்பக்கம் துணிக்கொடி. அத்தனையும் ஆமை வேகத்தில் தெற்கே நகர்ந்தன. காரணம் தேடி யாரும் அலையவில்லை. ஊரே வடம் பிடித்து இழுக்கும் தேரை, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் வேலை. கட்டை கையில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. அந்த வருஷம் தேர் முனை திரும்பும்போது மைத்துனர் ஓடி வந்து, மகள் சைக்கிள் கடைக்காரனோடு போய்விட்டாள் என்று காதில் சொன்னார். அந்தக் கடை இருந்தது தேர் ஓடும் நான்கு தெருக்களுக்கும் தெற்கே, தேர் நுழையாத தெருவில். "போனா போகட்டும், எனக்குப் பொண்ணே இல்ல" என்று கட்டையைப் பிடித்தபடியே சொல்லிவிட்டார். அதைத் தேர் சட்டை செய்யவில்லை. வீடு கேட்டுக்கொண்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் எதுவும் அடங்கி இருக்கவில்லை. உலை தளும்பியது, கதவு தானாக அடித்துக்கொண்டது, தபால்காரர் தினமும் விசாரித்துக்கொண்டு வந்தார். வழியில் இருந்தவர்கள் மதிலை இடித்து வழிவிட்டு, வீடு கடந்ததும் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். கட்டைக்காரர் வாசலில் கட்டை கொடுத்துப் பார்த்தார். வீடு அதன் மேல் ஏறி இறங்கிப் போனது. "ஊர்த் தேரை நிறுத்துறீங்க, சொந்த வீட்டை நிறுத்தத் துப்பில்ல" என்றாள் மனைவி. வீடு எந்தத் தெருவுக்குப் போகிறது என்று புரிந்த அன்று, கட்டைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போனார். அசையாத தரையில் தூக்கம் பிடிக்காமல் திரும்பி வந்தார்.

மூன்றாம் வருஷம் வீடு அந்தத் தெருவுக்குள் நுழைந்து, சைக்கிள் கடையின் பக்கச் சுவரை நெருங்கியது. மகள் இடுப்பில் குழந்தையோடு வெளியே ஓடி வந்தாள்.

"அப்பா, கட்டையப் போடுங்க! சுவர் போனா நாங்க எங்க போவோம்?"

போட்டார். வீடு ஏறத் தொடங்கியது. இன்னொன்று போட்டார். சுவரில் காரை உதிர்ந்தது. கட்டையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, இரண்டாம் முறையாகக் கட்டுப்பாட்டை மீறினார்.

"நில்லு. அது என் பொண்ணு வீடு."

வீடு நின்றது. குழந்தையை அவரிடம் நீட்டிவிட்டு மகள் அழுதாள். அவரும் வெட்கமில்லாமல் அழுதார்.

அடுத்த திருவிழாவில் வழக்கமான முனையில், வழக்கமான இடத்தில்தான் கட்டை கொடுத்தார், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தேர் தெற்கே திரும்பியது. கோயில் நிர்வாகிகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். வடம் பிடித்தவர்கள் இழுத்த பக்கத்தை விட்டுவிட்டுத் தேரின் பின்னால் ஓடினார்கள். தேர் நுழையாத தெருவில் முதல்முறையாக எல்லோரும் அவரவர் வாசலில் நின்று சாமியைப் பார்த்தார்கள். கட்டைக்காரர் வாய் திறக்காமல் கடைசிக் கட்டையைக் கொடுத்து நிறுத்தினார். பிறகு தன் வீட்டுக்குள் போய், மகள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். சொம்பில் தண்ணீர் தளும்பவில்லை. மறுவருஷத்திலிருந்து திருவிழா நோட்டீஸில் ஐந்து தெருக்கள் அச்சாகின்றன.