கட்டிலை அறுத்துச் செய்த மேசை

ஊசி ஏறியது சிட்டுவின் விரலில். தையல் இயந்திரத்தின் மிதியில் இருந்தது அவள் அம்மாவின் கால்.

அன்று தையல்காரி ஒரு நீல கவுனின் அடியை மடித்து அவசர அவசரமாக அடித்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது மகள் பளபளவென்று ஓடிய துணியைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவ்வளவுதான். ஊசி நகத்தைத் துளைத்து உள்ளேயே முறிந்தது. மருத்துவமனையில் ஊசித் துண்டை எடுத்தார்கள், நகம் போனது, விரல் பிழைத்தது. ஆனால் சிட்டு வீடு திரும்பவில்லை. அவளுடைய அத்தை, தையல்காரிக்கு நாத்தனார், குழந்தையை அங்கிருந்தே தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"இது வீடா? கால வைக்கிற எடமெல்லாம் ஊசி. மொதல்ல ஒழுங்கா உக்காந்து தைக்க ஒரு எடம் பண்ணு. அப்புறம் புள்ளையக் கேளு."

நாத்தனார் சொன்னதில் பொய் இல்லையே. இருந்தது ஒரே அறை. பாதியைக் கட்டில் அடைத்துக்கொண்டது. மீதியில் இயந்திரமும் அடுப்பும் துணிக் குவியலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடந்தன. கத்தரி தலையணை மேல் தூங்கும். வெளியூர் வேலைக்கென்று கிளம்பிய கணவன் போனவன் போனவன்தான், போன் எண்ணையும் மாற்றிவிட்டான். தைத்தால்தான் அடுப்பு எரியும். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு மிதியில் கால் வைக்குமுன் ஊசியருகே கை ஏதும் இல்லையே என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டாள்.

அடிக்கடி போய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு மதியம் சிட்டு உள்ளறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, தண்ணி."

தையல்காரி துள்ளி எழுந்தாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துத்தான் கேட்டிருந்தது. நாத்தனாரும் திருத்தவில்லை, டம்ளரை எடுத்து நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் தையல்காரி கீழ்த்தளத்துத் தச்சரின் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, என் கட்டில அறுக்கணும்."

"கட்டில விப்பாங்க, மாத்துவாங்க. அறுக்கிறத இப்பத்தான் கேள்விப்படுறேன், தங்கச்சி."

"வாங்கிப் போட்டவனே இல்ல. கட்டில் மட்டும் எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு?"

தச்சர் ரம்பத்தை எடுத்தார்.

கட்டிலின் பலகை துணி வெட்டும் மேசையானது. அவள் இடுப்புயரம், குனிந்து முதுகு ஒடிய வேண்டியதில்லை. தலைமாட்டுக் கம்பிகள் தையல் மூலையைத் தடுக்கும் குட்டைக் கதவாயின. கொண்டி உள்பக்கம், குழந்தைக்கு எட்டாத இடத்தில். இயந்திரத்தைச் சன்னலுக்கு வலப்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் இடப்புறமிருந்து வந்தால் ஊசிமேல் கை நிழல் விழாது. நூல்கண்டுகள் சுவரில் ஆணிக்கொன்றாக ஏறின, கத்தரியும் இஸ்திரிப் பெட்டியும் உயரத் தட்டுக்குப் போயின. அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு திரையும் கண்ணாடியும் வைத்தாள். குட்டைக் கதவுக்கு வெளியே மஞ்சள் விரிப்பு, சின்ன முக்காலி, ஒரு கூடை நிறைய வண்ணத் துண்டுத்துணி. அது சிட்டுவுக்கு. குண்டூசிகளை டப்பாவோடு தச்சரிடம் கொடுத்துவிட்டாள். துணியை இனி கிளிப் போட்டே பிடித்துக்கொண்டாள். போதாதென்று அவரிடம் காந்தத்தை வாங்கித் தரை முழுக்க, மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். முழங்கால் தோல் உரிந்தது.

இடம் தயார் என்று சொல்லி அனுப்பியதும் நாத்தனார் சிட்டுவோடு வந்தாள். குட்டைக் கதவை உலுக்கிப் பார்த்தாள், அசையவில்லை. தட்டை எட்டிப் பார்த்தாள், முக்காலியை ஆட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் தெளியவில்லை, கறுத்தது. பிறகு விரிப்பருகே குனிந்தாள்.

"இதோ! என்ன இது?"

உள்ளங்கையில் சிவப்பு மணித் தலையோடு ஒரு குண்டூசி.

"இதுதான் நீ சரிபண்ண லட்சணமா? சிட்டு, வா போலாம்."

தையல்காரி வழியை மறித்தாள். "அண்ணி, கால்ல விழுறேன். இன்னொரு தடவ தேச்சிடுறேன். தரையையே பேத்துப் போட்டுடுறேன் அண்ணி..." நிஜமாகவே காலைப் பிடித்துவிட்டாள். அந்த நிலையில், கண்ணுக்கு நேரே தொங்கிய கையில், அந்தச் சிவப்பு மணியைப் பார்த்தாள். மணி வைத்த ஊசி அவள் வாங்கியதே இல்லை.

மெல்ல எழுந்தாள். "இந்த வீட்டுல குண்டூசியே கெடையாது அண்ணி."

"அப்ப என்ன, வானத்துலேருந்து விழுந்துச்சா?"

தையல்காரி அவள் உள்ளங்கையில் இருந்த சிவப்பு மணியைத் தொட்டுக் காட்டினாள். நாத்தனாரின் கண்கள் தாழ்ந்தன. அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பஸ்ஸுல வர்ற வழி முழுக்க இந்த ஊசி என் கையிலயே இருந்துச்சு. இங்க போட வேணாம், போட வேணாம்னுதான் வந்தேன். இவ வந்த பெறகுதாண்டி என் வீட்டுல பேச்சுச் சத்தமே கேக்குது."

"அதுக்கு? எம்புள்ளைய விட்டுட்டு வெளிய போங்க!"

தையல்காரி சிட்டுவின் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை அலறி அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இழுத்த கையில் நகமில்லாத அந்த விரல் தட்டுப்பட்டது. தையல்காரி சுட்டதுபோல் கையை விட்டாள். உண்மை அவள் பக்கம் இருந்து என்ன பயன்? குழந்தை அந்தப் பக்கம் இருந்தது.

கடைசியில் தையல்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க. ரெண்டு பேருமே வாங்க. தெனமும்."

மறுநாள் மதியம் கடந்தும் யாரும் வரவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தாள், வேலையில் கை ஓடவில்லை. பைத்தியக்காரி, பிள்ளையை நீயே தாரை வார்த்துவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெயில் சாயும்போது படியில் காலடி கேட்டது. நாத்தனார் சிட்டுவோடும் அவளுடைய துணிப்பையோடும் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"எனக்குப் பட்டனுக்குக் காஜா எடுக்க வரும்," என்றாள், வேலை கேட்டு வந்தவள்போல்.

தையல்காரி குட்டைக் கதவின் கொண்டியைத் திறந்து அவளை உள்ளே விட்டாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

இயந்திரம் ஓடியதும் விரிப்பில் இருந்த சிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். அத்தை மாலையில் வீடு திரும்பியபின், இரவு மட்டும் அம்மாவை ஒட்டிப் படுக்கப் பழகினாள். ஒருநாள் அத்தை கம்பி இடுக்கு வழியாக பிஸ்கட் நீட்டினாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சிட்டு யோசித்தாள். பிறகு ஒரு கையை மட்டும் காதிலிருந்து எடுத்தாள்.